பொறுமைசாலி சொன்ன திருத்தம்

போன கண்ணைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான்.

செயற்கைக் கண் செய்யும் அந்தப் பட்டறைக்கு வருகிறவர்கள், மிச்சமிருக்கும் கண்ணைக் காட்டி, இதே மாதிரி இன்னொன்று என்றுதான் கேட்பார்கள். தங்கச்சி அவர்களை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைப்பாள். ஒரு சாண் தூரத்தில், முகத்துக்கு முகம் உட்கார்ந்து, சட்டைப் பொத்தான் அளவுக் கறுப்பு வில்லையில் கருவிழியைத் தீட்டுவாள். நாலு மணி நேரம் ஆகும். அச்செடுப்பது, வார்ப்பது, சக்கரத்தில் மெருகேற்றுவது எல்லாம் அண்ணன் வேலை. "நான் முட்டை போடுறேன், இவ மஞ்சக்கரு வைக்கிறா" என்பது வருகிறவர்களிடமெல்லாம் அவன் விடும் ஒரே ஜோக். பதினொரு வருஷமாக அதே ஜோக். அவன் தங்கச்சி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதல் கூரியர்காரர் வரை எல்லாருக்கும் அவள் தங்கச்சியாகிவிட்டாள்.

வந்தவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வலது கண் சாதாரணப் பழுப்பு. இடது பக்கம் இமை மட்டும் இருந்தது. பெயர் கேட்டதற்கு, எழுதித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டாள். எப்படிப் போச்சு என்றதற்குக் கதவு இடித்துவிட்டது என்றாள். அண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. கதவு இடித்துக் கண் போனவர்கள் அந்தப் பட்டறைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். எல்லாரும் பெண்கள்.

இருக்கிற கண்ணைப் பார்த்து வரைய வேண்டாம் என்றாள். போன கண்ணும் பழுப்புதான், ஆனால் அதில் ஒரு பச்சைக் கீற்று இருந்தது, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் பக்கமாக. போட்டோ? ஒன்றும் இல்லை, எதையும் எடுத்துக்கொண்டு வரவில்லை. தங்கச்சி தயங்கினாள். ரெண்டும் ரெண்டு மாதிரி இருந்தால் பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்றாள்.

"பார்க்கட்டும். அந்தக் கீத்து ஒண்ணுதான் எங்கிட்ட மட்டும் இருந்தது. மத்ததெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கறதுதான்."

அண்ணன் நோட்டில் பெயருக்கு நேராக 'பச்சைக்கீற்று' என்று எழுதினான். போட்டோ எடுக்கக் கூடாது என்று அவள் சொன்னதைக் கீழே குறித்துக்கொண்டான்.

மூன்று தடவை வந்து உட்கார்ந்தாள். பார்த்து வரைவதல்ல, கேட்டு வரைவது. இன்னும் பச்சை வேண்டும் என்பாள், பாசிப் பச்சை இல்லை, பாட்டில் பச்சை என்பாள், கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பாள். மூன்றாம் நாள் தங்கச்சி வில்லையின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். மேலே பளிங்கு மூடி போட்ட பிறகு கண் எப்படி இருக்கும் என்று அந்தச் சொட்டு காட்டிக் கொடுத்துவிடும். பச்சைக்கீற்று குனிந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை வந்து பொருத்திக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே படியிறங்கினாள்.

தங்கச்சிக்குக் கை துறுதுறுத்தது.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அவள் வரைந்த கண்கள் பொத்தான் மாதிரிதான் இருந்தன. அவளே சொல்லுவாள். பிறகுதான் 'வண்ணக்கூடம்' என்ற ஓவியர் தளத்தில் சேர்ந்தாள். பீங்கானில் பூ வரைகிறவர், செத்த பறவைகளைப் பாடம் செய்கிறவர், பொம்மை முகம் எழுதுகிற இரட்டையர் என்று எங்கெங்கோ இருப்பவர்கள் அங்கே கூடினார்கள். கருவிழியின் ஓரத்தைக் கோடு போட்டு முடிக்காதே, கலைத்து விடு என்று சொல்லிக் கொடுத்தது அந்தப் பறவைக்காரர். பட்டறைக்குள்ளேயே பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தாலும் அது அவளுக்குத் தோன்றியிருக்காது. அவள் படங்களைப் பார்த்துவிட்டு ஏழெட்டுப் பேர் தூரத்திலிருந்து பட்டறையைத் தேடி வந்தார்கள். முகவரியை அங்கே போட்டு வைத்ததே அதற்காகத்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. படத்தின் கீழே 'குறை சொல்லுங்கள்' என்று போட்டால் யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். குறையை ஏற்றுக்கொண்டால் திருத்திய படத்தையும் போட வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் நழுவுகிறவர்களை யாரும் மதிக்க மாட்டார்கள்.

தங்கச்சிக்கு அதிகம் குறை சொன்னவர் 'பொறுமைசாலி' என்ற பெயரில் இருந்தவர். அவர் ஒரு படமும் போட்டதில்லை. வரையாத வாத்தியார் என்று மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். மலை, பூ, முகம் எதன் பக்கமும் தலை வைத்துப் படுக்க மாட்டார். கண் என்றால் மட்டும் வந்துவிடுவார். கருவிழி என்பது படமல்ல, கிணறு. மேலிருந்து வரையாதீர்கள், அடியிலிருந்து வரைந்துகொண்டு வாருங்கள் என்று ஒருமுறை எழுதினார். அந்த ஒரு வரியில்தான் பொத்தான்கள் கண்களாயின. இந்த ஆள் உனக்கு வாத்தியார் இல்லை, மாமனார், அதான் தினம் ஒரு குறை என்று அண்ணன் சொல்லுவான்.

அந்த வாரம் வண்ணக்கூடத்தில் தலைப்பு, 'நினைவிலிருந்து'.

போட்டோ வேண்டாம் என்று அவள் சொன்னது தங்கச்சிக்கு மறக்கவில்லை. முகத்தைத்தான் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இதில் முகமில்லை, பெயரில்லை. தனிக் கண்ணுக்கு ஏது முகவரி? திங்கட்கிழமை மூடி போடுவதற்கு முன், வில்லையைத் தண்ணீர்ச் சொட்டோடு படம் எடுத்தாள். 'நினைவில் இருந்த ஒரு கண். குறை சொல்லுங்கள்.' போட்டுவிட்டாள்.

மத்தியானத்துக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜையில் நகர்ந்து, அச்செடுக்கும் சுண்ணாம்புத் தட்டில் போய் முட்டியது. அந்த வாரத்தின் முதல் இடம். பறவைக்காரர், இனி என் பறவைகளுக்கு நீயே கண் வைத்துவிடு என்று எழுதினார். பொறுமைசாலி மட்டும் வரவில்லை. மறுநாள்தான் வந்தார். வழக்கமாகப் பத்தி பத்தியாக எழுதுகிறவர், ரெண்டே வரி எழுதியிருந்தார்.

'கீற்று முழுசாக இருக்கக் கூடாது. நடுவில் இருக்கும் கண்பாவையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அறுந்து, மயிரிழை இடைவெளி விட்டு, மறுபடி தொடர வேண்டும்.'

தங்கச்சி உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டாள். மூடி இன்னும் போட்டிருக்கவில்லை. ஊசி முனையால் பச்சையை ஓரிடத்தில் ஒரு மயிரளவு எடுத்தாள். பழுப்பைத் தொட்டு வைத்தாள். சொட்டு விட்டதும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. நேற்று வரை அழகாக இருந்தது, இப்போது அவளைப் பார்த்தது. திருத்திய படத்தைப் போட்டு, நன்றி ஐயா என்று எழுதினாள்.

'இப்போது சரி' என்று பதில் வந்தது. பின்னாலேயே ஒரு தனிச் செய்தி. உங்கள் வேலையை நேரில் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தார். தங்கச்சிக்குத் தலைகால் புரியவில்லை. எந்த நாளும் வரலாம், இந்த வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று காலை ஒருவருக்குக் கண் பொருத்த வேண்டும் என்று எழுதினாள். மாமனார் வீட்டுக்கு வருகிறாராமே, நாற்காலியைத் துடைத்து வைக்கட்டுமா என்றான் அண்ணன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பச்சைக்கீற்று வந்தாள். அண்ணன் கண்ணைக் கழுவிக் கொடுத்தான். மேலிமையைத் தூக்கி உள்ளே நழுவ விட்டு, கீழிமையை இழுத்து விட்டாள் தங்கச்சி. கச்சிதம். கைக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தாள்.

பச்சைக்கீற்று முதலில் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"இந்த இடத்துல அறுந்திருக்கே. இதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்லையே."

அழகுக்காகச் செய்தது என்று தங்கச்சி ஆரம்பித்தாள்.

"அழகுக்கு இல்ல. அது அப்படித்தான் இருந்தது. எனக்கே மறந்து போச்சு." கண்ணாடியை மடியில் கவிழ்த்தாள். "அவ்வளவு கிட்ட வந்து பார்த்தது ஒருத்தர்தான். யார் சொன்னாங்க?"

தங்கச்சி சொன்னாள். மறைக்காமல், போட்டோவிலிருந்து வியாழக்கிழமை வரைக்கும் எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. பச்சைக்கீற்று திட்டவில்லை. கத்தவில்லை. எழுந்து ஜன்னலோரத்திலிருந்து விலகி நின்றுகொண்டாள்.

கதவு இல்லை என்றாள். ஆறு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டு வந்தாளாம். வெறும் குழியோடே காலம் தள்ளியவள், போதும் என்று இந்த வருஷம்தான் துணிந்தாளாம். அவருக்குக் கோபமே வராது, குரலே உயராது, எதற்கும் அவசரப்பட மாட்டார் என்றாள். போலீஸுக்குப் போகலாமே என்றான் அண்ணன்.

"ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் அவர்தான் வந்து கூட்டிட்டுப் போனார்."

சுவரில் இருந்த இன்டர்காம் ஒலித்தது. கீழே கண்ணாடிக் கடையில் வரவேற்பில் இருக்கும் பெண். தங்கச்சியைக் கேட்டு ஒருத்தர் வந்திருக்கிறார், லிஃப்டுக்குக் காத்திருக்கச் சொன்னேன், பரவாயில்லை என்று படியேறி வருகிறார் என்றாள்.

மூன்று மாடி.

பச்சைக்கீற்று விரலைக் கீழிமையில் வைத்து அழுத்தினாள். கண் அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை ஒருமுறை பார்த்தாள். போகிற இடத்திலெல்லாம் பச்சைக் கீற்றுள்ள பெண்ணைப் பார்த்தீர்களா என்று அவர் கேட்டால், பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது அவளுக்கும் புரிந்திருந்தது.

"தேய்ச்சிடுங்க" என்று தங்கச்சியிடம் நீட்டினாள். "எனக்கு யாரும் திரும்பிப் பார்க்காத கண்ணு ஒண்ணு குடுங்க."

அலமாரியில் மாதிரிக் கண்கள் இருந்தன. அண்ணன் பதினாலாம் நம்பர் பழுப்பை எடுத்தான். கொஞ்சம் வெளிறியது, அளவும் கொஞ்சம் சின்னது. அவள் அதைத் தானே போட்டுக்கொண்டாள். அண்ணன் பின்பக்க இரும்புப் படி வழியாக அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினான். தங்கச்சி சக்கரத்தைப் போட்டாள். உப்புத்தாள் சுற்றிய உருளையில் கண்ணை அழுத்தினாள். முதலில் பளிங்கு மூடி போனது. பிறகு பச்சை. பச்சை போக ரெண்டு நொடிகூட ஆகவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐம்பது வயது இருக்கும். தோய்த்து மடித்த சட்டை. மூன்று மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. தான்தான் பொறுமைசாலி என்று கை கூப்பினார்.

"வியாழக்கிழமைன்னு சொன்னது மனசுல நின்னுடுச்சு. வேண்டாம்னு சொன்னது நிக்கல. மன்னிச்சுக்கணும்."

நோயாளி உட்காரும் நாற்காலியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். சூடு பார்த்தார் என்று தங்கச்சிக்கு உறைக்க ஒரு நொடி ஆயிற்று.

"இப்பதான் எழுந்து போயிருக்காங்க போல."

அதற்குள் அண்ணன் பின்கதவு வழியாக உள்ளே வந்துவிட்டான். எழுந்து போனது வெல்டிங் வேலை பார்க்கிற ஒருத்தர், கண்ணாடி போடாமல் வேலை செய்து கண்ணைத் தொலைத்தவர், இப்போது கண் வந்த பிறகு அதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்கிறார் என்று பெரிய கதையாகச் சொன்னான். முட்டை ஜோக்கையும் விட்டான். வந்தவர் மரியாதைக்குச் சிரித்தார். பார்வை தங்கச்சியை விட்டு நகரவில்லை. அவள் முகத்தை அல்ல, ஒரு கண்ணை மட்டும் பார்த்துப் பேசினார்.

பச்சைக் கீற்றுக் கண்ணைப் பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். மூடி போடும்போது உள்ளே குமிழி விழுந்துவிட்டது, தேய்த்துப் போட்டுவிட்டேன் என்று சக்கரத்தைக் காட்டினாள். அவர் எழுந்து போய், உருளைக்கு அடியில் கிடந்த தூளை ரெண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். யாருடைய நினைவு அது என்று கேட்டார்.

"என்னோடதுதான். நாங்க ஒரு பூனை வளர்த்தோம். அதோட பச்சையை எடுத்துக்கிட்டேன்."

"பூனை." அவர் தலையாட்டினார். "அப்போ கீத்து அறுந்திருக்கணும்னு நான் சொன்னதும் எதுக்குத் திருத்தினீங்க? உங்க நினைவுல இல்லாததை நான் சொன்னேன். இல்லைன்னு மறுத்திருக்கலாமே."

அண்ணன் துணியை மடிப்பதை நிறுத்தினான். தங்கச்சிக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை. வாயில் வந்தது உண்மைதான்.

"நீங்க எதைச் சொன்னாலும் திருத்துவேங்க. ஒன்றரை வருஷமா வேற என்ன செஞ்சிருக்கேன்?"

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பொய்யைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பிறகு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் வயசு தெரிந்தது.

தன் மனைவிக்கு அப்படி ஒரு கண் இருந்தது என்றார். குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டவர் போலத்தான் சொன்னார். எத்தனை நாள் கண் இல்லாமல் இருந்துவிடுவாள், என்றைக்காவது எங்காவது யாரிடமாவது செய்துகொள்ளத்தானே வேண்டும். கண் வரைகிறவர்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு. வரைகிறவர்களுக்குக் காட்டாமல் இருக்கவும் முடியாது. இன்னும் மூன்று தளங்களில் அவர் இருக்கிறாராம். எல்லா ஊரிலும் எல்லாரையும் தெரியுமாம்.

கதவருகே நின்று திரும்பினார்.

"அடுத்த கண்ணைப் போடுங்க. குறை சொல்றேன்."

படியில் செருப்புச் சத்தம் நிதானமாக இறங்கிப் போனது. பிறகுதான் அண்ணன், பாதிப் படியிலிருந்தே அவளுக்குப் பஸ் நிற்கும் இடத்தைக் காட்டி அனுப்பிவிட்டதாகச் சொன்னான். எங்கே போகிறாள் என்று இவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இனிமேல் வரமாட்டேன் என்று மட்டும் சொன்னாளாம். எனக்கு ஏதாவது சொன்னாளா என்று தங்கச்சி கேட்டாள். அண்ணன் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் சொல்லவில்லை என்றான்.

அன்றைக்கே கணக்கை மூடிவிடு என்று அவன் சண்டை போட்டான். தங்கச்சி மூடவில்லை. மூடினால், ஏன் மூடினாள் என்று அந்த ஆள் உட்கார்ந்து யோசிப்பார். ஒரு திருத்தத்தை மறுத்தாலும் யோசிப்பார். பூனையும் குமிழியும் அத்தோடு உடையும். இரும்புப் படியும் பஸ்ஸும் வெளியே வந்துவிடும்.

அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு கண் போடுகிறாள். யாருடைய கண்ணும் இல்லை, மனம் போனபடி வரைந்தவை. செவ்வாய்க்கிழமை திருத்தம் வரும். முதல் வாரம் ஓரத்தை இன்னும் கறுப்பாக்கச் சொன்னார். ஆக்கினாள். அடுத்த வாரம் கலைத்த ஓரத்தைக் கோடு போட்டு மூடச் சொன்னார். அது தப்பு என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். கோடு போட்டாள். பாவையை நடுவிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தாள். கைக்கு ஏதாவது ஆகிவிட்டதா அம்மா என்று பறவைக்காரர் தனியாக எழுதிக் கேட்டார். அவருக்குப் பதில் போடவில்லை. தளத்தைப் பார்த்து வருகிறவர்கள் வருவது நின்றது.

வருகிற நோயாளிகளுக்குச் சரியாகத்தான் வரைகிறாள். ஆனால் முகத்துக்கு முகம் உட்காரும்போது ஒரு கணம் தன் தூரிகைக்கு மேலே யாரோ குனிந்து பார்ப்பது போல இருக்கும். அடியிலிருந்து வரையுங்கள் என்று கேட்கும். அதை எப்படி மறப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மறந்தால் பொத்தான்தான் வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தம் வரவில்லை.

காலையில் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. தங்கச்சி சாப்பிடவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். விட்டது சனியன் என்று அண்ணன் சந்தோஷப்பட்டான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கும் விளங்கியது. அந்த ஆள் இங்கே குறை சொல்லிக்கொண்டிருக்கும் வரைக்கும், எங்கேயும் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். குறை சொல்வதை நிறுத்தினால்?

நாலரை மணிக்குப் போன் அதிர்ந்தது.

'தாமதத்துக்கு மன்னிக்கவும். பழுப்பு அதிக ஆழமாக இருக்கிறது. தட்டையாக்குங்கள்.'

தங்கச்சி மூச்சை விட்டாள். உருப்பெருக்கியை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"இதுதான் இருக்கறதுலயே நல்லா வந்த கண்ணு" என்றான் அண்ணன். "இதையாவது விட்டுடேன்."

அவள் பழுப்பைக் குழைத்து, கிணற்றின் வாய் வரை நிரப்ப ஆரம்பித்தாள்.